ஆலோசனைக் குழுவுக்கு நிபுணர் தேடிய அழைப்பு: வவுனியாவிலிருந்து விண்ணப்பித்தவளின் மதிப்பீடு

நுளம்பால் பரவும் நோய்கள் பற்றித் தனக்கு ஆலோசனை சொல்ல ஓர் அறிவியல் குழு அமைக்கப்போவதாகவும், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் ஒரு சர்வதேசப் பொதுச் சுகாதார நிறுவனம் பகிரங்க அழைப்பு விட்டிருந்தது. நான் விண்ணப்பித்தேன். சாப்பாட்டுக் கடைக்கும் கைத்தொலைபேசிக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். இப்படியான ஆட்தேர்வைப் பற்றி, அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து போய்ப் பார்த்த ஒருவர் எழுதி நான் வாசித்ததில்லை. அடுத்து விண்ணப்பிக்க நினைப்பவருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கிறேன். அந்த மூன்றும் உழைத்து எடுத்த புள்ளிகள். போன இரண்டு ஏன் போயின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

நான் சுகாதாரப் பூச்சியியல் உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றிலும் வேலை செய்திருக்கிறேன். நுளம்பு பிடிப்பது, கிணறு, குளம், ஆற்று மணலில் தேங்கிய பள்ளம் என்று குடம்பி (தண்ணீரில் வளரும் நுளம்புப் புழு) தேடுவது, பிடித்ததை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து என்ன இனம் என்று பார்ப்பது, அறிக்கை எழுதி மேலே அனுப்புவது. இதுதான் என் தொழில். 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன மலேரியா, 1963இல் வெறும் 17 நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கியது. பிறகு கவனம் குறைய, திரும்பவும் ஏறியது. 1999இல் இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் நோயாளிகள். வன்னியில் அந்தக் காலத்தில் குளிர்காய்ச்சல் வராத வீடு கிடையாது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே வீடு வீடாக மருந்து விசிறினோம், இரத்தம் எடுத்துப் பரிசோதித்தோம். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது.

அந்தச் சான்றிதழின் மை காய முன்னர், அதே ஆண்டின் கடைசியில், மன்னார்த் தீவில் அனொபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு அகப்பட்டது. இலங்கையில் அதற்கு முன்னர் பதிவாகாத இனம். எங்கள் பழைய மலேரியா நுளம்பு, அனொபிலிஸ் குலிசிபாசிஸ், ஆறு வற்றும்போது மணலில் நிற்கும் தண்ணீரை விரும்புவது. இந்தப் புதியதோ இந்திய நகரங்களில் பழகியது. வீட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் கூரைத் தண்ணீர்த் தாங்கியும் அதற்குப் போதும். 2012இல் ஜிபுத்தியில் கண்டார்கள், 2016இல் எத்தியோப்பியாவில் கண்டார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. ஆகவே நான் பார்த்த அழைப்பில் ஒரு வரி இருந்தது: வீட்டு நீர்நிலைகளில் பெருகும் நுளம்புகளைக் கள மட்டத்தில் கண்காணித்த அனுபவமுள்ளவர்கள் விரும்பப்படுவர். அந்த வரியைப் பார்த்துத்தான் நான் விண்ணப்பித்தேன்.

இந்தக் குழுக்கள் என்ன செய்கின்றன என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. எந்த மருந்தை எவ்வளவு விசிறலாம், கிணற்றில் எதைப் போடலாம், எந்தத் தடுப்பூசி யாருக்கு என்றெல்லாம் வழிகாட்டிகள் வெளிவருகின்றன அல்லவா, அவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு சிறு குழு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழுக்களில் இருப்பவர்கள் தங்கள் நாட்டையோ வேலைத்தலத்தையோ பிரதிநிதித்துவப்படுத்துவதில்லை, தனியாளாகவே அமர்கிறார்கள். சம்பளம் கிடையாது. கூட்டத்துக்குப் போனால் பயணச் செலவும் தங்கும் செலவும் கிடைக்கும். நான் விண்ணப்பித்த இடத்திலும் அதே ஏற்பாடுதான். "காசில்லாத வேலைக்கு ஏனக்கா இந்தப் பாடு?" என்று தம்பி கேட்டார். அந்தக் கொஞ்சப் பேர் ஒரு மேசையில் இருந்து எழுதுவது சுற்றறிக்கையாகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மாகாணத்துக்கு வந்து, கடைசியில் மன்னாரில் ஒரு வீட்டு வளவுக்குள் நான் போய் நின்று சொல்லவேண்டிய வசனமாகிறது. அதைச் சொல்லி வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கியவள் நான். எழுதும் இடத்திலேயே ஒருத்தி இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

யாரைத் தெரிவுசெய்தார்கள் என்பது வெளியே தெரியவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழுவில் இருந்தவர்களின் பெயர்களை 2010 ஓகஸ்ட் வரை வெளியிடவே இல்லை. அழுத்தம் வரக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் ஆலோசனை சொன்ன சிலருக்கு மருந்துக் கம்பனிகளுடன் இருந்த தொடர்பு சஞ்சிகைகளில் வெளிவந்து பெரிய சர்ச்சையாகிவிட்டது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2021இல் புதிய நோய்க்கிருமிகளின் தோற்றத்தை ஆராயும் குழுவுக்கு அவர்கள் பகிரங்கமாக அழைத்தபோது 700க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதில் 26 பேரை முன்மொழிந்து, பெயரையும் சுருக்க விபரத்தையும் இணையத்தில் போட்டு, யாரும் கருத்துச் சொல்லலாம் என்று இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்கு நேர்மாறாக, 2025 ஜூனில் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் இருந்த 17 பேரையும் சுகாதாரச் செயலாளர் ஒரேயடியாக நீக்கிவிட்டுப் புதியவர்களை நியமித்தார். ஆளைத் தெரிவுசெய்யும் முறை ஒழுங்காக இல்லாவிட்டால், பிறகு அந்தக் குழு எவ்வளவு சரியாகச் சொன்னாலும் சனம் நம்பாது. நான் புள்ளி போடும்போது இதைத்தான் முதலில் பார்த்தேன். நான் விண்ணப்பித்த நிறுவனமும் உத்தேசப் பட்டியலை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அதற்கு முழுப் புள்ளி.

சரி, படிவத்துக்கு வருவோம். இணையத்தில் நிரப்புவது. பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. இடையில் சேமித்துவிட்டுப் பிறகு வந்து தொடரலாம், எழுதியது அப்படியே இருக்கும். இது சின்ன விடயம் இல்லை. மார்கழி மழைக்கு எங்கள் பக்கம் மின்சாரம் போய்ப்போய் வரும், சிக்னலும் கூடவே போகும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகள் பக்கத்தில் இருந்து தட்டச்சு செய்து தந்தாள். இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"சின்னம்மா, இதில உங்கட ஒஃபிஸ் ஈமெயில் கேக்குது. ஜிமெயில் எடுக்காதாம்."

ஓய்வுபெற்றவளுக்கு ஏது அலுவலக மின்னஞ்சல்? சேவையில் இருந்த காலத்திலும் நாங்கள் கனபேர் சொந்த முகவரியில்தான் அறிக்கை அனுப்பினோம். பல்கலைக்கழகத்தில் இருப்பவரையும் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவரையும் மனதில் வைத்து யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். உதவி முகவரிக்கு எழுதினோம். மறுமொழி கெதியாக வந்தது, மரியாதையாகவும் வந்தது. என் பக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். உதவிப் பிரிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் எழுதிக் கேட்கலாம் என்று தோன்றாத எத்தனை பேர் அந்தப் பக்கத்தோடு மூடிவிட்டுப் போயிருப்பார்கள்? கிளிநொச்சியில் இருக்கும் என் பழைய சக உத்தியோகத்தர் ஒருவர் அப்படித்தான் விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என்னைவிடப் பத்து மடங்கு களம் கண்டவர் அவர்.

கல்விச் சான்றிதழ்களை ஏற்றும் இடம் அடுத்தது. எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் மனம் தளரக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். 2009இல் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வெளியேறிய எங்களில் பலரிடம் அசல் சான்றிதழ் இல்லை. என் பயிற்சிச் சான்றிதழும் நான் வருடக்கணக்காக எழுதி வைத்திருந்த களக் குறிப்புப் புத்தகங்களும் போன இடம் தெரியாது. பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வாங்கியதைத்தான் ஏற்றினேன். அசல் எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்கு நன்றி. ஆனால் சேவை விபரத்தில் ஒரு பெட்டி இருந்தது: தொழிலில் இடைவெளி இருந்தால் காரணத்தை ஒரு வரியில் கூறுக. படிவம் தானாகவே 2009ஐச் சிவப்பில் காட்டியது, ஏனென்றால் அந்த ஆண்டுக்கு நான் வேலைத்தலம் போடவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த காலம் அது. அங்கே கூடாரங்களுக்கு இடையில் வெட்டிய வாய்க்காலிலும் தண்ணீர்த் தாங்கிகளுக்குக் கீழேயும் நாங்கள் குடம்பி பார்த்தோம். யாரும் நியமிக்கவில்லை. தெரிந்த வேலை, செய்தோம். அவ்வளவு நெருக்கமாகச் சனம் இருந்த இடத்தில் மலேரியா ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேலைத்தலம் என்ற இடத்தில் முகாமின் பெயரைப் போட்டேன். சிவப்பு போய்விட்டது. இடைவெளிப் பெட்டியை வெறுமையாகவே விட்டேன்.

எனக்கு அதிகம் பிடித்தது நலன் முரண்பாட்டுப் படிவம். பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை, இல்லை" என்று போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யவேண்டாம். கடந்த நான்கு வருடத்தில் இந்த விடயத்தோடு தொடர்புள்ள கம்பனி எதிலாவது வேலை செய்தீர்களா, ஆய்வுக்குப் பணம் வாங்கினீர்களா, பங்கு வைத்திருக்கிறீர்களா, காப்புரிமை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தின் அச்சில்தான் இதையும் செய்திருக்கிறார்கள். புகையிலை உற்பத்தியோடு தொடர்பு உண்டா என்ற தனிக் கேள்வியும் இருந்தது. என் தம்பி யாழ்ப்பாணத்தில் மனைவியின் காணியில் புகையிலை வைக்கிறவர். கேள்வி கம்பனிகளைப் பற்றியது என்று விளங்கினாலும், மறைக்க என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டேன். பூச்சிநாசினி விற்கும் கம்பனி ஒன்று சாப்பாடு கொடுத்து நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் போனதையும் எழுதினேன். தம்பியின் செய்கையில் எனக்குப் பங்கு உண்டா, அந்தப் பட்டறைக்காகக் கையில் பணம் தந்தார்களா என்று கேட்டு ஒரு ஆள் எழுதியிருந்தார். இல்லை என்றேன். பரவாயில்லை, பதிவில் இருக்கும் என்றார். ஆக, அந்தப் படிவத்தை யாரோ உட்கார்ந்து வாசிக்கிறார்கள். எத்தனை அலுவலகங்களில் எத்தனை படிவம் கொடுத்திருப்போம், யார் வாசித்தார்கள்?

இனி, ஒரு புள்ளியை முழுதாகப் பறித்த இடம். "உங்கள் மிக முக்கியமான பத்து ஆய்வுக் கட்டுரைகளைக் குறிப்பிடுக." கட்டாயம் நிரப்பவேண்டிய பெட்டி. கட்டுரையின் பெயர், சஞ்சிகையின் பெயர், ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம். எனக்குக் கட்டுரை கிடையாது. நான் பிடித்த நுளம்புகள் கட்டுரைகளில் இருக்கின்றன, நான் எழுதிய எண்கள் அட்டவணைகளில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் "ஒத்துழைத்த களப் பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் நானும் இருக்கிறேன். கட்டுரை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதியதால்தான் மன்னாரில் நடந்தது எத்தியோப்பியாவில் இருப்பவருக்கும் தெரிந்தது. ஆனால் கள அனுபவமுள்ளவர்கள் விரும்பப்படுவர் என்று அழைப்பில் போட்டுவிட்டு, அந்த அனுபவத்தை எழுத ஒரு பெட்டியும் வைக்காமல், கட்டுரைக்குப் பத்துப் பெட்டி வைப்பது எப்படி நியாயம்? நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், அது எங்கே சரிவந்தது, எங்கே சரிவரவில்லை என்று கேட்டிருக்கலாம். எத்தனை கிணறு பார்த்தீர்கள் என்றாவது கேட்டிருக்கலாம். அந்தப் பெட்டிகளில் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கு நாங்கள் அனுப்பிய உள் அறிக்கைகளின் தலைப்புகளைப் போட்டேன். படிவம் ஏற்றுக்கொண்டது. மதிப்பிட்டவர் ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு கதை.

கிணறு பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும், அப்போதுதான் என் கோபம் விளங்கும். மன்னார்த் தீவு மணல் தரை, கிணறுகள் ஆழமில்லை. காலை வெயில் கொஞ்சம் ஏறியதும் போவோம். கிணற்றுக் கட்டிலே சட்டென்று குனியக்கூடாது. நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் குடம்பிகள் எல்லாம் கீழே போய்விடும். ஒதுங்கி நின்று, கையில் இருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கிணற்றுக்குள் விடவேண்டும். அந்த வெளிச்சத்தைச் சுவரோரமாக மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தால், தண்ணீரின் தோலோடு ஒட்டிப் படுக்கையாகக் கிடக்கும் சின்னக் கீறுகள் தெரியும். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும், அனொபிலிஸ் குடம்பி படுத்திருக்கும். பிறகு வாளியைச் சரித்து விளிம்பு மட்டும் அமிழும்படி விட்டு மேல்தண்ணீரை வாங்கவேண்டும். வெள்ளைத் தட்டில் ஊற்றி, கலக்கம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாளியில் ஒன்றும் வராது. கண்டுவிட்டுக் கீழே போனவை மேலே வரும்வரை நிற்கவேண்டும். அவசரப்பட்டு முதல் வாளியோடு "இல்லை" என்று எழுதிவிட்டுப் போனால், இல்லாத ஊர் என்று கணக்கில் பதிந்துவிடும். இதை நான் எந்தச் சஞ்சிகையிலும் படிக்கவில்லை, எனக்கு முன்னால் வேலை செய்த ஓர் ஐயா சொல்லித்தந்தார்.

விருப்பக் கடிதத்துக்கு 500 சொல் தந்திருந்தார்கள், அதுவும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் எழுதலாம். நான் ஒரேயொரு விடயத்தைத்தான் எழுதினேன். கிணற்றில் குடம்பி கண்டால் என்ன செய்வது? டெமெபொஸ் என்ற மருந்தைப் போடலாம். குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே அனுமதிக்கிறது. கணக்கில் எல்லாம் சரி. அந்தப் பொட்டலத்தோடு செட்டிகுளத்தில் ஒரு வீட்டுக்குப் போய் நின்று பாருங்கள். அந்தப் பக்கம் சிறுநீரக நோய் கண்ட குடும்பங்கள் உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் ஒருமனதாக முடிவாகாத அந்த நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டிருக்கிறது. சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. 2015இல் கிளைபோசேற் களைநாசினியைத் தடைசெய்தார்கள், பிறகு சில பயிர்களுக்குத் தளர்த்தினார்கள். சனத்துக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: கிணற்றுத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது, இரசாயனத்தால் வருகிறது. கிணறு இருக்கும் வீட்டிலேயே வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிக்கிறார்கள். கணவனை டயலிசிஸுக்குக் கூட்டிப்போய் வரும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, தண்ணியிலதான் வருத்தம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப நீங்களே அதுக்குள்ள மருந்து போட வாறியளோ?"

அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இருந்தது. ஆனால் அது வழிகாட்டியில் இருந்த விடை இல்லை. அவருடைய கிணற்றுக்கு மீன் விடலாம், கப்பி மீன் குடம்பியைத் தின்னும், மருந்து வேண்டாம் என்று கதைத்து, மீனைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் கையாலேயே விடச்செய்தோம். அதுவும் எல்லாக் கிணற்றுக்கும் சரிவராது. மீன் செத்தால் தண்ணீர் மணக்கும் என்று சிலர் மறுப்பார்கள். கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போது மீன் போய்விடும், திரும்ப யாராவது கொண்டுபோகவேண்டும். நுளம்புக்கு ஒரு குழு, சிறுநீரகத்துக்கு ஒரு குழு, குடிநீருக்கு ஒரு குழு என்று வெவ்வேறு கட்டடங்களில் இருந்து எழுதுகிறார்கள். மூன்று ஆலோசனையும் வந்து விழுவது அந்த ஒரு அம்மாவின் கிணற்றில். அந்த இடத்தில் நின்ற யாராவது ஒருவர் குழுவில் இருந்தால், "இதை இப்படி எழுதினால் வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார்" என்று முன்கூட்டியே சொல்லலாம். இதைத்தான் 500 சொல்லில் எழுதினேன். பெறாமகள் ஆங்கிலத்தைத் திருத்தினாள், கருத்தில் கைவைக்கவில்லை.

காணொளி நேர்காணலுக்கு அழைத்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நல்ல அனுபவம். அதில் ஒருவர் கட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடம்பி இல்லை என்று ஒரு கிணற்றை எப்போது முடிவுசெய்வீர்கள் என்று கேட்டார். கண்ணாடியையும் நிழலையும் பற்றிச் சொன்னேன், ஒருதரம் பார்த்து ஒருபோதும் முடிவுசெய்யமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. இன்னொருவர் அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்டார். என் ஆங்கிலம் இடறியபோது பொறுமையாக இருந்தார்கள். நேரத்தை மட்டும் ஜெனீவாக் கணக்கில் போட்டு, நான் இலங்கை நேரத்துக்கு மாற்றிப் பார்க்கும்படி விட்டிருந்தார்கள். இருபக்க நேரத்தையும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

முடிவைச் சொல்கிறேன். குழுவுக்குத் தெரிவாகவில்லை. நிபுணர் பட்டியலில் வைத்திருக்கிறோம், தேவைப்படும்போது அழைப்போம் என்று கடிதம் வந்தது. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கடிதம் என்பது வாசித்தவுடனேயே தெரிந்தது. அடுத்த புள்ளி இங்கேதான் போனது. எங்கே குறைந்தேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தால், அடுத்த முறை விண்ணப்பிக்கிற நம்மவர் ஒருவருக்கு உதவியிருக்கும். உத்தேசப் பட்டியலைப் பார்த்தேன். ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள், எல்லாக் கண்டங்களிலிருந்தும் இருந்தார்கள். அது நல்லது. ஆனால் எல்லோரும் பேராசிரியர்கள், ஆய்வுநிலையப் பணிப்பாளர்கள். வாளி பிடித்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கருத்துச் சொல்லத் தந்திருந்த நாட்களுக்குள் அதை அப்படியே எழுதி அனுப்பினேன். இருப்பவர்களில் யாரையும் நீக்கச் சொல்லவில்லை, இரண்டு இடத்தைக் களத்தில் நின்றவர்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டேன். கிடைத்தது என்று மறுமொழி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் பட்டியலில் வைத்திருப்பது வெறும் பேச்சு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு வீட்டு நீர்நிலைகள் பற்றிய வழிகாட்டி வரைவு ஒன்றை அனுப்பி, பார்த்துத் திருத்தம் சொல்லமுடியுமா என்று கேட்டார்கள். கிணறுகள் பற்றிய பகுதியில் வீட்டாரின் சம்மதம் பற்றி ஒரு வசனம்கூட இல்லை. சிறுநீரக நோய் உள்ள பகுதிகளில் மருந்துக்கு முன் மீனைப் பற்றிக் கதைக்கவேண்டும், குடும்பத்துக்கு எந்த நோய்ப் பயம் இருக்கிறது என்று முதலில் கேட்கவேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். எவ்வளவை எடுப்பார்கள் என்று வழிகாட்டி வெளிவந்த பிறகு பார்க்கவேண்டும்.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. கடைசித் திகதியில் நள்ளிரவு என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய நேரம். குளிர்காலத்தில் எங்கள் நேரம் அவர்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னே, கோடையில் மூன்றரை. அதை நம்பிக் கடைசி இரவுவரை இருக்கவேண்டாம், மழைக்காலத்தில் நிச்சயமாக வேண்டாம். அரச சேவையில் இருப்பவர்கள் அதன் விதிகளான தாபன விதிக்கோவைப்படி மேலதிகாரியின் அனுமதி எடுக்கவேண்டியிருக்கும். கோப்பு மேசை மேசையாகப் போய்வர நாள் எடுக்கும், அழைப்பைக் கண்ட அன்றே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் பிரதிகளைக் கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் செய்யும்போது கோப்பின் அளவைக் குறைத்துத் தரச்சொல்லிக் கேளுங்கள், பெரிய கோப்பைப் படிவம் எடுக்காது. சிபார்சுக்கு இரண்டு பேர் வேண்டும். வெளிநாட்டுக்குப் போய்விட்ட பழைய மேலதிகாரியும் சிபார்சு செய்யலாம், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கட்டுரை இல்லை என்பதற்காக ஒதுங்காதீர்கள். அந்தப் பெட்டியில் உங்கள் அறிக்கைகளைப் போடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் கட்டாயம் பார்க்கவேண்டிய அழைப்புகள் இவை. தாய்சேய் நலத்துக்கும் தடுப்பூசிக்கும் இதேபோல வருகின்றன. நான் நிரப்பிய நலன் முரண்பாட்டுப் படிவத்தின் பிரதி ஒன்றை வைத்திருக்கிறேன். முதல்தரம் நிரப்புகிறவர்களுக்கு எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்று குழப்பமாக இருக்கும். என்னைத் தெரிந்தவர்கள் வீட்டுப் பக்கம் வந்தால், ஆறுதலாக இருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.